திருகோணமலையில் அலுவலகம், வகுப்பு, அம்மம்மாவின் பழைய வீடு: மூன்றையும் ஒருவர் கொண்டுபோக முடியுமா?

கேள்வி இது: மொறட்டுவையில் கட்டடக்கலை படித்து முடித்த ஒரு தங்கச்சி கொழும்பில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறார். சொந்த ஊர் திருகோணமலை. ஊருக்குத் திரும்பித் தொழில் தொடங்கவும் கூடவே கற்பிக்கவும் விருப்பம். டைக் வீதிப் பக்கம் அம்மம்மாவின் பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது. இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பலாம் என்கிறார் மாமா. இவருக்கு அதை இடிக்காமல் விருந்தினர் இல்லமாக மாற்ற ஆசை. இதெல்லாம் ஒன்றாக நடக்குமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, நடக்கும். நானும் நெடுங்காலமாக இந்த ஊரில் இருந்துகொண்டு இதைத்தான் செய்துவருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்றையும் தனித்தனி வேலையாக எடுத்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். பழைய கட்டடம் நேரம் கேட்கும். ஒரு சுவர் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாரியையும் ஒரு கோடையையும் பார்க்கவேண்டி வரலாம். அவ்வளவு நேரத்துக்குக் காசு தருகிற வாடிக்கையாளர் அரிது. கற்பிக்கிற இடத்திலோ ஆறுதலாகப் பார்ப்பதே பாடம். மறுபக்கம், வகுப்பில் கீறிய கூரை ஒழுகாது, ஏனென்றால் அதை யாரும் கட்டப்போவதில்லை. கீறியதற்குப் பொறுப்பெடுக்கும் பழக்கம் தொழிலில் இருந்துதான் வரும். நேரத்தைக் கற்பித்தலில் இருந்தும் பொறுப்பைத் தொழிலில் இருந்தும் எடுத்து, இரண்டையும் பழைய கட்டடத்தில் சேர்த்துவிடுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

அளவெடுப்பில் இருந்து தொடங்குங்கள். இடிப்பதா வைப்பதா என்று மாமாவோடு வாதாட முன்னர், வீட்டை முழுவதுமாக அளந்து 1:50 அளவுத்திட்டத்தில் கீறுங்கள். யன்னல், கதவு நிலை, தூண் தலை, கூரை மூட்டு போன்றவற்றை 1:5இலோ 1:10இலோ தனியாகக் கீறுங்கள். இப்போது போனிலேயே முப்பரிமாணமாக ஸ்கேன் செய்யலாம். அதுவும் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் நாடா பிடித்துக் கையால் அளப்பதை விட்டுவிடாதீர்கள். நாலு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால்தான் அறை எவ்வளவு கோணல் என்று தெரியும். தூக்குக்குண்டு விட்டால் சுவர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். ஒரு சுவர் 18 அங்குலமும் பக்கத்தது 9 அங்குலமும் என்றால், ஒல்லியானது பிறகு வைத்தது என்று ஊகிக்கலாம். பூச்சில் ஒரு வெடிப்பு நிலையளவுக்கு நேராக மேலே போய்த் திரும்பி இறங்கினால், உள்ளே அடைத்த வாசல் ஒன்று இருக்கும். தட்டிக்கொண்டே போகும்போது சத்தம் பொள்ளலாக மாறுகிற இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்தவர் இவற்றைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் அவர் சுவரைத் தொடவில்லை.

வெடிப்புகளுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் திகதி எழுதிவையுங்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அத்திவாரத்தைப் பார்க்கவேண்டும். உடையாவிட்டால் அது எப்போதோ வந்து அடங்கிய வெடிப்பு, சுண்ணாம்பால் அடைத்துவிட்டால் போதும். பொறியியலாளரைக் கூப்பிட முன் இந்தத் தகவல் உங்கள் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் 'பாதுகாப்பில்லை, இடிக்கவும்' என்று ஒற்றை வரியில் அறிக்கை வரும். பழைய கட்டடங்களுக்கு வருகிற அப்படியான அறிக்கைகள் பல பயத்தில் எழுதப்பட்டவை என்பது என் அபிப்பிராயம். சுண்ணாம்புச் சுவர் எப்படிப் பாரம் தாங்கும் என்று படிக்காத பொறியியலாளர் அதை நம்ப மறுப்பது இயல்பு. அவருக்குக் கணக்குப் போட விவரம் கொடுப்பது உங்கள் வேலை.

இந்த அளவெடுப்பையே முதல் வகுப்பாக நடத்துங்கள். விடுமுறையில் கொழும்பில் இருந்து சில மாணவர்களைக் கூப்பிடுங்கள், ஊரில் படம் வரையப் பழகும் பிள்ளைகளையும் சேருங்கள். ஒரு நிபந்தனை: கீறியவரின் பெயர் படத்தில் இருக்கவேண்டும், ஒரு பிரதி அவர்களுக்குப் போகவேண்டும். மாணவர் உழைப்பை இலவசமாக வாங்கி வாடிக்கையாளரிடம் பில் போடுவது கற்பித்தல் ஆகாது. பூட்டிக் கிடந்த வீட்டில் உளுத்த பலகை, மூடாத கிணறு, பாம்பு எல்லாம் இருக்கும். பிள்ளைகளை உள்ளே விட முன் நீங்களும் ஒரு பாசும், அதாவது அனுபவமுள்ள ஒரு மேசனும், போய்ப் பார்த்துவிடுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பொதுவாக முருகைக்கல்லும் செங்கல்லும் கலந்த தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, முன்னால் விறாந்தை, ஓட்டுக் கூரை, பின்னால் கிணறு, ஒதுக்குப்புறமாகக் குசினி என்று இருக்கும். இந்தச் சுவரை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முருகைக்கல்லை ஏறத்தாழ 900 பாகைச் சூட்டில் சுட்டால் அதில் இருக்கும் கரியமிலவாயு வெளியேறும். மிஞ்சும் நீறாத சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். அதை மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தால், காற்றில் உள்ள கரியமிலவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மறுபடியும் கல்லாகும். இப்படிக் கட்டிய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு தன் மேற்பரப்பு வழியாக வெளியே விடும். பலமாக இறுகாது, அதனால் வீடு சிறிது அசைந்தாலும் நொறுங்காது.

சீமெந்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். நமது ஊர் மேசன்மார் கைக்கு அது வந்து சேர இன்னும் நெடுங்காலம் ஆனது. வந்த பிறகு, ஈரம் ஏறிய சுவரின் அடிப்பகுதியில் மூன்றடி உயரத்துக்குச் சீமெந்து பூசுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் உள்ளே இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே வந்து காயும். நமது ஊரில் அந்த ஈரத்தில் கடல் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பளிங்காகி, கல்லின் துளைகளுக்குள் விரிந்து, கல்லை மாவாக உதிர்க்கும். கையால் தடவினால் கொட்டுகிற சுவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். 'பழைய சுவர், உக்கிப்போச்சு' என்பார்கள். பெரும்பாலும் அது பிறகு பூசிய சீமெந்தின் வேலை.

ஆகவே முதலில் செய்யவேண்டியது அந்தச் சீமெந்துப் பூச்சை மெதுவாகக் கழற்றிவிட்டு, கூரை ஒழுக்கையும் பீலித் தண்ணீர் சுவரடியில் விழுவதையும் நிறுத்தி, சுவரைக் காய விடுவது. தடித்த சுவர் காய ஒரு அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. 18 அங்குலச் சுவர் இரண்டு பக்கத்தாலும் காய்ந்தால் ஒன்பது மாதம். இங்கே ஊரின் காலநிலையைக் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் மழை ஓய்ந்ததும் பூச்சைக் கழற்றுங்கள். வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் ஆவணி வரை வறட்டி எடுக்கும். சுவர் காய அதைவிட நல்ல காலம் இல்லை. யன்னல்களைத் திறந்துவிட ஒரு ஆளை வையுங்கள். ஐப்பசியில் மழை இறங்க முன் கூரை முடிந்திருக்கவேண்டும். சுவரைக் காய வைக்கிற அதே கச்சானில் புதுச் சுண்ணாம்பு பூசினால் வெடித்துவிடும், ஏனென்றால் சுண்ணாம்பு இறுக ஈரமும் வேண்டும். அந்தக் காலத்தில் பூசத்தான் வேண்டும் என்றால் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நிழல் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் மாரி முடிந்த கையோடு பூசுங்கள். விருந்தினர் இல்லம் ஆறு மாதத்தில் திறக்கவேண்டும் என்று யாராவது நெருக்கினால், இந்தக் காலக்கணக்கைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

பொருள்களைப் பற்றி: கடலில் இருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, எடுக்கவும் கூடாது. மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு வாங்கலாம். அதை நீற்றி, தண்ணீருக்கடியில் மூன்று மாதமாவது ஊறவிட்டுப் பசையாக்குங்கள். மணல் ஆற்றுமணலாக இருக்கட்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று தொடங்கி, வீட்டின் பழைய பூச்சை உடைத்துப் பார்த்து அதற்கேற்ப மாற்றுங்கள். எமல்ஷன் பெயின்ற் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையடிப்பே போதும்.

இன்னொன்று இப்போது நாகரிகமாகி வருகிறது: பூச்சை முழுக்கக் கொத்திக் கழற்றி, உள்ளே இருக்கும் முருகைக்கல் தெரியும்படி விட்டு, அதன்மேல் வார்னிஷ் அடிப்பது. படத்துக்கு அழகாக இருக்கும். அந்தக் கல் வெளியே தெரிவதற்காகக் கட்டப்பட்டதல்ல. பூச்சுத்தான் அதன் தோல், உப்புக்காற்றை அதுதான் வாங்கிக்கொள்கிறது. தோலை உரித்துவிட்டு வார்னிஷ் அடித்தால் மேலே சொன்ன உப்பு வேலை இரண்டு பக்கமும் தொடங்கும். உல்லாசப் பயணிக்கு இது பிடிக்கும் என்று யாராவது வற்புறுத்தினால், பழைய கட்டு தெரியும்படி ஒரு சிறு சதுரத்தை மட்டும் திறந்து சட்டம் போட்டு விடுங்கள்.

இப்போது விருந்தினர் இல்லம். பழைய கட்டடத்துக்குப் புதுப் பயன் தேடும்போது, அந்தப் பயனுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பாரம், எவ்வளவு அடைப்பு வேண்டும் என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கடைக்குத் தண்ணீரும் புகையும் எண்ணெயும். நூலகத்துக்குப் பாரம். குளிரூட்டிய அறைக்கு அடைப்பு. விருந்தினர் இல்லத்தில் ஆபத்து அறைக்கு ஒரு குளியலறை என்ற எதிர்பார்ப்பில் இருக்கிறது. ஒவ்வொரு அறையின் மூலையிலும் தடுப்பு வைத்து, சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் குழாய் பதித்தால், நீங்கள் ஒன்பது மாதம் காயவைத்த சுவரைத் தினமும் நனைக்கப்போகிறீர்கள். அறையின் அளவும் போய்விடும், மேலே தெரிகிற கூரை மரமும் பாதியில் வெட்டுப்படும்.

நான் என்றால் ஈரமான எல்லாவற்றையும் பழைய வீட்டுக்கு வெளியே எடுப்பேன். பின்வளவில், பழைய குசினி இருந்த பக்கத்தில், தனி அத்திவாரத்தோடு ஒரு புதுக் கட்டு. அதில் குளியலறைகள், மலசலகூடங்கள், குசினி, துணி துவைக்கும் இடம். இரண்டுக்கும் இடையில் முற்றமும் ஒரு கூரை போட்ட நடையும். புதுக் கட்டைப் புதிதாகவே கட்டுங்கள். பழையதுபோல வேடம் போட வேண்டாம், உயரத்தில் மட்டும் பழைய முகட்டுக்குக் கீழே அடங்கி நிற்கட்டும். மலக்குழி கிணற்றில் இருந்து 50 அடிக்குக் குறையக் கூடாது. சின்ன வளவுகளில் புதுக் கட்டு எங்கே வரும் என்பதை இந்த ஒரு அளவே தீர்மானித்துவிடும். முன்வாசலில் படி மட்டும் இருந்தால் பக்கவாட்டில் 1:12 சரிவில் ஒரு சாய்தளம் வையுங்கள். பொதுமக்கள் வரும் கட்டடத்துக்கு 2006ஆம் ஆண்டு அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் அதைக் கேட்கின்றன. விதி இல்லாவிட்டாலும், போரில் காலிழந்தவர்கள் வாழும் ஊர் இது.

குளிரூட்டி வேண்டும் என்பார்கள். உயர்ந்த கூரையும் எதிரெதிர் யன்னலும் உள்ள வீட்டில் மின்விசிறி போதும் என்று நான் நம்புகிறேன். ஓட்டைக் கழற்றி அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடுகளில்தான் வெக்கை தாங்காமல் குளிரூட்டி தேடுகிறார்கள். உடைந்த ஓடுகளுக்கு மாற்று, இடித்த வீடுகளில் இருந்து வாங்கலாம். தெரிகிற முன்பக்கச் சரிவுக்குப் பழைய ஓடு, பின்பக்கத்துக்குப் புது ஓடு என்று பிரித்தாலும் குறையில்லை.

மாமாவின் மூன்று மாடிக்கு உணர்ச்சியால் பதில் சொல்லாதீர்கள், கணக்கால் சொல்லுங்கள். அத்திவாரம், சுவர், கூரைமரம் ஆகிய மூன்றும் ஏற்கெனவே காசு கொடுத்துக் கட்டியவை. 2022இல் சீமெந்தும் கம்பியும் என்ன விலைக்குப் போயின என்பது மாமாவுக்கும் நினைவிருக்கும். பாதியில் நின்ற கொங்கிறீற் கூடுகளை அவரும் கண்டிருப்பார். கடற்கரை ஊரில் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு விரிந்து கொங்கிறீற்றைப் பிளக்கும். உப்புக்காற்றில் கவனமில்லாமல் கட்டிய மாடிகளின் அடியில் கம்பி தெரிவதை நமது ஊரிலேயே காட்டலாம். பின்வளவில் வரும் புதுக் கட்டை இரண்டு தளமாக்கினால் மாமா கேட்கும் அறைகளில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

முன்மாதிரி பார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை. உட்துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் இல்லம் திருத்தப்பட்டு, 2013இல் கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பெரிய அறை, அகன்ற விறாந்தை, தடித்த சுவர். அருங்காட்சியகத்துக்குத் தண்ணீரும் அடைப்பும் அதிகம் வேண்டாம். பயன் கட்டடத்துக்குப் பொருந்தியிருக்கிறது. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த சின்ன வீடுகள் நான்கை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கியதைப் போய்ப் பாருங்கள். அல்பிரட் ஹவுஸ் வீதியில் வீடாகக் கட்டி, பிறகு தன் அலுவலகமாக்கிய கட்டடம் இன்று உணவகமாக இருக்கிறது. முற்றங்கள் வரிசையாக இருந்ததால்தான் அது இத்தனை மாற்றத்தையும் தாங்கியது.

காலியையும் பாருங்கள், ஆனால் எச்சரிக்கையோடு. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சுவர்களும் ஓடுகளும் நன்றாகக் காப்பாற்றப்பட்டன. ஆனால் நிலவிலை ஏற ஏற, தலைமுறையாக அங்கே இருந்த குடும்பங்கள் பல விற்றுவிட்டுப் போயின, வீடுகள் விடுதிகளாயின. டைக் வீதியில் காலையில் வலை இழுக்கிறவர்களும் ஆச்சிமாரும் பள்ளிப் பிள்ளைகளும் இல்லாமல் போய், வெள்ளையடித்த சுவர்கள் மட்டும் மிஞ்சினால் நாம் எதைக் காப்பாற்றினோம்? உங்கள் இல்லத்தின் முன் விறாந்தையைப் பூட்டாதீர்கள். அயலில் உள்ளவர்கள் வந்து இருக்கிற இடமாக, மாலையில் பிள்ளைகள் படிக்கிற இடமாக விடுங்கள். உங்கள் வகுப்பையும் அங்கேயே வைக்கலாம்.

இந்த ஊரில் பழைய கல்லைத் தொடுகிறவர் இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். திருகோணமலையில் பழைய கட்டடத்தை மறுபடி பாவித்ததற்கு மிகப் பெரிய சான்று பிரெட்ரிக் கோட்டை. போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இன்றும் இரட்டை மீன் சின்னமும், கோயிலைத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனையும் பறங்கியையும் (போர்த்துக்கீசரையும்) சொல்லும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. மாணவர்களை அந்த வாசலில் நிறுத்தித்தான் நான் இந்தப் பாடத்தைத் தொடங்குவது வழக்கம். யாருடைய கல், யார் எடுத்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள். மறுபயன்பாட்டில் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் அவைதான்.

கேள்விகள் பழசாகிவிடவும் இல்லை. கன்னியா வெந்நீரூற்றடியில் பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தைப் பற்றிய பிணக்கு 2019இல் நீதிமன்றம் வரை போனது. 2020இல் கிழக்கு மாகாணத்துக்கென்று தொல்லியல் மரபுரிமைச் செயலணி ஒன்று நியமிக்கப்பட்டபோது, நமது சனங்கள் காணியைப் பற்றித்தான் முதலில் பயந்தார்கள். அளவுநாடாவோடு ஒரு வளவுக்குள் போனால் வீட்டுக்காரர் முகம் ஏன் மாறுகிறது என்பதை அப்போது விளங்கிக்கொள்வீர்கள். படம் எதற்கு, யாரிடம் இருக்கும், யாருக்குக் கொடுக்கமாட்டோம் என்பதைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் யாருடைய வீடானாலும் இதே நடைமுறை. ஒரு முறை அந்த நம்பிக்கை போனால் இந்த ஊரில் உங்களுக்கு வேறு கதவு திறக்காது.

இனி, எங்கே கற்பிப்பது என்பது. கிழக்கில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு இல்லை. மொறட்டுவைக்கோ கொழும்பு கட்டடக்கலைப் பள்ளிக்கோ ஒவ்வொரு வாரமும் போய்வருவது உடம்பையும் அலுவலகத்தையும் சாப்பிட்டுவிடும். அங்கே வருகை விமர்சகராகத் தவணைக்குச் சில நாள் போங்கள். மிச்சக் கற்பித்தலை ஊரில் செய்யுங்கள், வேறு ஆட்களுக்கு. பட வரைஞர் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கும், மேசன்மாருக்கும், ஓடாவிமாருக்கும். நமது மாவட்டத்தில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவற்றைக் கட்டடக் கலைஞர் பார்ப்பதே இல்லை. பட வரைஞரும் மேசனும்தான் முடிவெடுக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசக்கூடாது என்று ஒரு மேசனுக்கு விளங்கினால், அவர் வாழ்நாளில் எத்தனை சுவர் தப்பும் என்று யோசித்துப் பாருங்கள். சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த வயதான பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியராக்கிக் கூலி கொடுங்கள், நீங்களும் மாணவராகப் பக்கத்தில் நின்று குறிப்பெடுங்கள்.

பெரிய நிறுவனம் வேண்டும் என்றும் இல்லை. பாவாவிடம் பணியாற்றிய சி. அஞ்சலேந்திரன், பத்தரமுல்லையில் தன் வீட்டு விறாந்தையிலேயே அலுவலகம் வைத்து, ஒரு சில மாணவ உதவியாளர்களோடு மட்டும் இத்தனை கட்டடங்களைச் செய்திருக்கிறார். மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்தால் தொழிலும் வகுப்பும் ஒரே இடத்தில் நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

காசு விஷயம். கற்பித்தலில் வருவது சொற்பம், அதை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். முதல் சில வருடங்களுக்கு உங்கள் அலுவலகத்தைத் தாங்கப்போவது சாதாரண வீடு, கடை, அனுமதிப் படம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய கட்டட வேலைக்கு மட்டும் கட்டணத்தைக் கட்டடச் செலவின் வீதமாக வைக்காதீர்கள். இந்த வேலையில் கெட்டித்தனம் குறைவாகச் செய்வதில் இருக்கிறது. தேவையான அளவு செய், முடிந்த அளவு குறைவாகச் செய் என்பதுதான், மரபுரிமை இடங்களைப் பேணுவதற்கு ஆஸ்திரேலியாவில் எழுதிய பர்ரா சாசனத்தின் அடிப்படையும். வீதக் கட்டணம் வாங்கினால், தேவையில்லாத இடிப்பைத் தடுத்து வாடிக்கையாளருக்கு மிச்சப்படுத்திய ஒவ்வொரு ரூபாய்க்கும் உங்கள் வருமானத்தில் ஒரு பங்கு குறையும். அளவெடுப்புக்கும் ஆய்வுக்கும் தனியாக ஒரு தொகை, பிறகு படங்களுக்கு ஒன்று, வேலை நடக்கும் இடத்துக்கு வருவதற்கு நாள் கணக்கில் ஒன்று என்று பிரித்து வாங்குங்கள்.

அனுமதிகள்: 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடம் என்றால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும், தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு கல்லும் அசைக்கக்கூடாது. உங்கள் அம்மம்மாவின் வீடு அவ்வளவு பழையதாக இருக்காது. ஆனாலும் கோட்டைக்குக் கிட்ட என்பதால் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவையுங்கள். கடலின் உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து 300 மீற்றருக்குள் கரையோர வலயம், அதனால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும் வேண்டும். பிறகு உள்ளூராட்சி மன்றம், நகர அபிவிருத்தி அதிகாரசபை. வீட்டைப் பயன் மாற்றுவதற்கும் அனுமதி தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முந்தியது காணி உறுதிப் பத்திரம். அம்மம்மாவின் வீடு என்றால் பிள்ளைகள் எல்லாருக்கும் பிரிபடாத பங்கு இருக்கும், அவர்களில் சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின்படி பங்குதாரர்களில் ஒருவர் நினைத்தாலும் வழக்குப் போடலாம். திருத்தி முடித்த பிறகு அப்படி ஒரு வழக்கு வந்தால் உங்கள் உழைப்பும் காசும் நீதிமன்றத்தில் கிடக்கும். நல்ல பழைய வீடுகள் கைவிடப்பட்டுக் கூரை இறங்குவதற்கு நமது ஊரில் இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன், கறையானையும் கடற்காற்றையும் விட. உறுதியின் பிரதியை எடுத்து ஒரு நொத்தாரிசிடம் காட்டி, யார் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி வாங்குங்கள். எல்லாரும் சேர்ந்து உங்களுக்கு நீண்டகாலக் குத்தகை எழுதித் தருவது ஒரு வழி. வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் (தங்களுக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். மாமாவிடம் மூன்று மாடியைப் பற்றிக் கதைக்கும் அதே நாளில் இதையும் கதையுங்கள். பங்குக்கு என்ன வருமானம் வரும் என்று தாளில் கண்டால் அவரும் வேறு மாதிரி யோசிப்பார்.